செவ்வந்தித் தொட்டியோடு போன வீடு

2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. சுல்மோனா ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் செவ்வந்தித் தொட்டி. ரோமிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தேன். மஞ்சள் செவ்வந்தி, இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போடும் பூ. ரோமில் அந்த வாரம் எந்தப் பூக்கடையைப் பார்த்தாலும் வாசலில் அதுதான் குவிந்து கிடந்தது. இவ்வளவு விற்கிறதென்றால் எல்லாருக்கும் பிடித்த பூவாகத்தான் இருக்கும் என்று நம்பி, தோழியின் அம்மாவுக்காக நல்லதாகப் பார்த்து வாங்கினேன்.

நான் போக வேண்டிய ஊர் ஸ்கான்னோ. இத்தாலியின் நடுப்பகுதியில், அப்ருட்ஸோ மலைகளுக்குள், கடல்மட்டத்திலிருந்து 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2,000 பேருக்கும் குறைவாகவே வாழும் ஊர். ரோமில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழி அந்த ஊர்க்காரி. அவள் இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். எனக்கு ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுத அமைதியான இடம் வேண்டியிருந்தது. “எங்கள் வீட்டுக்கு வா, பன்னிரண்டு நாள் இரு” என்றாள்.

சுல்மோனாவிலிருந்து ஸ்கான்னோ சுமார் 30 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது. நேர அட்டவணையையும் இணையத்தில் பார்த்துத்தான் கிளம்பினேன். ஆனால் நான் பார்த்த வண்டிக்குப் பக்கத்தில் ‘ஃபெரியாலே’ என்று போட்டிருந்தது. ‘ஃபேரியே’ என்றால் இத்தாலியில் விடுமுறை. ஆகவே ‘ஃபெரியாலே’ விடுமுறை நாள் வண்டி என்று எடுத்துக்கொண்டேன். பொருள் நேர்மாறு. ஃபெரியாலே என்றால் வேலை நாள், திங்கள் முதல் சனி வரை. ஞாயிறுக்கும் பண்டிகை நாளுக்கும் உள்ள சொல் ‘ஃபெஸ்திவோ’. மலையூர்களுக்குப் பேருந்தில் போகிறவர்கள் வேறு எந்த இத்தாலியச் சொல்லைக் கற்காவிட்டாலும் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். நகரத்தில் தவறு செய்தால் அரை மணி நேரம்தான் போகும். மலையடிவாரத்தில் ஒரு நாளே போய்விடும்.

என்னை அழைத்துப்போகத் தோழியின் அப்பாவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பிறகு என் பெட்டியைவிடக் கவனமாக அதைக் காரின் பின்பக்கம் வைத்து, வளைவுகளில் சாயாமலிருக்கத் தன் கோட்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். எதுவும் சொல்லவில்லை.

வளைவுகள் என்றால் அப்படி. சஜித்தாரியோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு வழியாகச் சாலை ஏறுகிறது. சில இடங்களில் பாறைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கையில் உட்காரச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. கேட்கக் கூச்சப்பட்டேன், கஷ்டப்பட்டேன். பள்ளத்தாக்கு முடிந்ததும் ஏரி வருகிறது. ஒரு காலத்தில் மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி. அதைத் தாண்டி மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்வீடுகள். அன்று காலையில்தான் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

வீட்டு வாசலில் தோழி மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள்: “உள்ளே காலெடுத்து வைக்கும்போது ‘பெர்மெஸ்ஸோ’ என்று சொல்.” ‘வரலாமா’ என்று பொருள். கதவு திறந்தே இருந்தாலும், அவர்களே வா வா என்று அழைத்தாலும், வாசற்படியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நுழைகிறார்கள். பன்னிரண்டு நாளும் பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், விறகு கொண்டுவந்தவர் எல்லாரும் அதைச் சொல்லியே நுழைந்தார்கள்.

அம்மா தொட்டியை இரண்டு கையாலும் வாங்கினார், நன்றி சொன்னார், பால்கனியில் வைத்தார். பிறகு அறையில் தோழி சொன்னாள். செவ்வந்தி இங்கே இறந்தவர்களின் பூ. நவம்பர் 2 இறந்தோர் நாள். கடைகளில் குவிந்திருந்தது எல்லாம் கல்லறைக்குப் போகிற பூ. உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு யாரும் கொண்டுபோவதில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “என் மாமனாருக்கு மஞ்சள்தான் பிடிக்கும். புதன்கிழமை அவருக்குக் கொண்டுபோவோம். எங்களுக்கு ஒரு தொட்டி வாங்குகிற வேலை மிச்சம்” என்றார். அந்தப் பதிலில் இருந்த பெருந்தன்மையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நீங்கள் போனால் பேக்கரியில் காகிதம் சுற்றி நாடா கட்டித் தரும் சிறிய இனிப்புத் தட்டு வாங்கிப்போங்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அதுதான் வழக்கம். பூ வேண்டுமென்றால் வேறு எந்தப் பூவானாலும் சரி, ஒற்றைப்படையில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்தே நேராகப் போகிறவர்கள் பால்கோவா, நெய், பன்னீர் எதையும் எடுத்துப்போக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கூடாது. காபித்தூள், பருப்பு, பொடி வகைகள் பிரச்சினையில்லை. தேங்காய்க்கும் சான்றிதழ் கேட்பதில்லை.

இனி சாப்பாடு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

நான் முட்டை, பால் சாப்பிடுவேன். இறைச்சியும் மீனும் இல்லை. தோழி முன்கூட்டியே வீட்டில் சொல்லியிருந்தாள். அம்மா அன்று எனக்காகச் செய்தது பீன்ஸும் கையால் வெட்டிய பாஸ்தாவும் சேர்ந்த ஒரு குழம்பு. இரண்டாவது கரண்டியில் சின்னதாக, கண்ணாடி போலிருந்த ஒரு துண்டு வந்தது. குவான்ச்சாலே, பன்றியின் கன்னத்துக் கொழுப்பு. நமக்குத் தாளிப்பு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. கறி போட்டதாகவே கணக்கில் வராது. தவறு அவர்கள் மேல் இல்லை. ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் அந்த மலையில் என்ன பொருள்படும் என்று நானும் யோசிக்கவில்லை, தோழியும் யோசிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், வாயைத் திறக்கவில்லை. வந்த முதல் நாளே குறை சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் அல்லவா. துண்டுகளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினேன், ரொட்டியை நிறையத் தின்றேன், வயிறு நிறைந்துவிட்டது என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். 87 வயது. அந்த வீட்டில் எல்லாரும் அவரை நோன்னா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். இரவு சமையலறையைக் கடக்கும்போது அம்மா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தோழி பின்னர் சொன்னாள்: பீன்ஸை முந்தின நாளே ஊறப்போட்டு, எனக்காகவே செய்தாராம். நான் சாப்பிடாததற்குக் காரணம் தன் கைப்பக்குவம் என்று நினைத்துவிட்டார்.

நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது அவரை அழவைத்திருக்கிறது. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடச் சங்கடத்தோடு முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் தோழியை வைத்துக்கொண்டு சமையல் மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் சொன்னேன். இறைச்சி இல்லை. மீன் இல்லை, ட்யூனாவும் மீன்தான். எலும்புச் சாறு இல்லை. பன்றிக் கொழுப்பு இல்லை. ஹாம், தொத்திறைச்சி இல்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறைச்சியைக் குறிக்கும் ‘கார்னே’ என்ற இத்தாலியச் சொல்லைக் கேட்டால் பலருக்குச் சமைத்த கறிதான் நினைவுக்கு வரும், உப்பிட்டு உலர்த்திய வகைகள் வேறு கணக்கு. அதோடு, என்ன சாப்பிடுவேன் என்பதையும் சொன்னேன். இது முக்கியம். இல்லை, இல்லை என்றே அடுக்கினால் சமைக்கிறவருக்குக் கை ஓடாது. பீன்ஸ், கொண்டைக்கடலை, பயறு, உருளைக்கிழங்கு, முட்டை, கீரை, மக்காச்சோளக் களி, தக்காளி. சொல்லச் சொல்ல நோன்னாவின் முகம் மலர்ந்தது. “இது எங்கள் அம்மாவின் சாப்பாடு” என்றார்.

உண்மைதான். இன்று அந்தப் பக்கம் போகிற பயணிகளுக்கு ஆட்டுக்கறிக் குச்சிகளை வாட்டித் தருகிறார்கள். ஆனால் ஆடு மேய்த்தவர்கள் தினமும் ஆடு தின்னவில்லை. ஸ்கான்னோவின் ஆண்கள் நூற்றாண்டுகளாக இலையுதிர் காலத்தில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு புல்வழிப் பாதைகளில் தெற்கே புலியா சமவெளிக்கு நடந்து போவார்கள், கோடை தொடங்கும்போது திரும்புவார்கள். 1447இல், அப்போது தென்னித்தாலியையும் ஆண்ட அரகான் அரசன் அல்ஃபோன்ஸோ இதற்கென்றே ஒரு வரி அலுவலகம் வைத்தான், அது பிறகு ஃபோஜ்ஜா நகரிலிருந்து இயங்கியது. அவ்வளவு பெரிய போக்குவரத்து. 2019இல் யுனெஸ்கோ இந்த மந்தைப் பயணத்தைப் பண்பாட்டு மரபாக ஏற்றது. பாதி ஆண்டு ஊரில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான். கறி விற்கப் போகும், வீட்டில் இருப்பது பயறும் கிழங்கும் பழைய ரொட்டியும். நோன்னாவின் அப்பாவும் அப்படி நடந்தவர்.

அன்றிலிருந்து வந்த சாப்பாட்டில் என் நாக்கில் நின்றது பல்லோத்தே. பழைய ரொட்டி, துருவிய பாலாடைக்கட்டி, முட்டை, பூண்டு சேர்த்து உருட்டிப் பொரித்து, தக்காளிச் சாற்றில் கொதிக்கவிடுவது. நம் பருப்பு உருண்டைக் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலாடைக்கட்டியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தோழியின் மாமா ஆடு வைத்திருக்கிறார். ஒரு காலை பெகோரினோ என்ற செம்மறிப்பால் பாலாடைக்கட்டி காய்ச்சுவதைப் பார்க்கப் போனோம். நாம் பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல அவர்கள் ஊற்றுவது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள். புகழ்பெற்ற பார்மிஜானோவுக்கும் கன்றின் உறைபொருள்தான் விதி. இத்தாலியில் மூன்றாண்டு இருந்தும் அதுவரை எனக்குத் தெரியாது. அன்று வெகுநேரம் மனசு அலைந்தது. கடைசியில் இப்படி முடிவு செய்தேன்: அந்த வீட்டில் எனக்காகச் செய்ததைச் சாப்பிடுவது, ரோமில் நானாக வாங்கும்போது உறையில் தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருள் என்று போட்டதை மட்டும் வாங்குவது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். எதுவானாலும் ரயில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் மேசையில் உட்கார்ந்து போட வேண்டாம்.

பதிலுக்கு நானும் ஒரு நாள் சமைத்தேன். பெரிதாக எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்த கொண்டைக்கடலையை ஊறவைத்து, என் பையில் இருந்த கடுகும் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் போட்டுச் சுண்டல். எண்ணெய் ஆலிவ்தான். அவர்கள் அதே கடலைக்கு ரோஸ்மேரியும் பூண்டும் போடுகிறவர்கள். நோன்னா ஒரு கடலையை எடுத்து மென்று பார்த்து, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வீட்டில் சமைக்கக் கிடைத்தால் நம் ஊர்ப் பெரிய விருந்தை அங்கே கொண்டுபோய் இறக்காதீர்கள். அவர்கள் அலமாரியில் உள்ள பொருளை நம் கைப்பக்குவத்தில் செய்து கொடுங்கள். அதுதான் பேச்சுக்கு வழிவிடுகிறது.

திங்கள்கிழமை அப்பா என் கடவுச்சீட்டையும் வசிப்பு அனுமதி அட்டையையும் வாங்கி நகல் எடுத்துக்கொண்டு ‘கொமூனே’ என்ற ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். இது பலருக்குத் தெரியாத சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை, நண்பரானாலும் சொந்தமானாலும், வீட்டில் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகரமானால் காவல் அலுவலகம், அது இல்லாத சின்ன ஊரில் மேயர் அலுவலகம். தவறினால் 160 முதல் 1,100 யூரோ வரை அபராதம், அதுவும் விருந்தாளிக்கு அல்ல, வீட்டுக்காரருக்கு. நான் ஞாயிறு வந்தேன், செவ்வாய் பொது விடுமுறை, ஆகவே திங்கள்தான் ஒரே நாள். விருந்தாளியாகப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, நகல்களைக் கையோடு கொண்டுபோய், தானே நினைவூட்டுவதுதான் முறை. நமக்கு இடம் கொடுத்ததற்காக அவர்கள் தண்டம் கட்டக் கூடாது.

இந்தத் தாளைப் பற்றிப் பேசும்போதுதான் நோன்னா 1943ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்திருந்த காபித்தூளை என் பித்தளை வடிகட்டியில் போட்டு இறக்கி, பால் காய்ச்சி, எல்லாருக்கும் கொடுத்தேன். நோன்னா ஒரு வாய் குடித்தார். “ச்சிக்கோரியா” என்றார். சிக்கரி! எங்கள் காபியில் இருக்கும் சிக்கரியை நாக்கு கண்டுபிடித்துவிட்டது. போர்க்காலத்தில் காபிக்கொட்டை கிடைக்காமல் இத்தாலி முழுக்கச் சிக்கரியை வறுத்துக் குடித்திருக்கிறார்கள். எங்களுக்கு மணத்துக்காகச் சேர்ப்பது, அவருக்கு எட்டு வயதின் பஞ்சம். கொடுத்தது தவறோ என்று பயந்தேன். ஆனால் அவர் கோப்பையை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், பேசிக்கொண்டே இருந்தார்.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்ததாக அறிவிப்பு வந்தது. சுல்மோனாவுக்கு வெளியே இருந்த போர்க்கைதி முகாமில் சுமார் 3,000 பேர், பெரும்பாலும் ஆங்கிலேயப் படையினர். காவலர்கள் கலைய, கைதிகள் மலைக்கு ஓடினார்கள். பின்னாலேயே ஜெர்மானியர் வந்தார்கள். தப்பியவர்களுக்கு உதவினால் மரண தண்டனை. அப்படியும் இந்த ஊர்கள் அவர்களை மாட்டுத்தொழுவத்திலும் வைக்கோற்பரணிலும் ஒளித்துவைத்தன. நான் காரில் கடந்துவந்த அன்வெர்ஸா ஊரைச் சேர்ந்த ஓர் ஆடு மேய்ப்பவரை அதற்காகவே அந்த டிசம்பரில் சுல்மோனாவில் சுட்டுக் கொன்றார்கள். ஸ்கான்னோவில் அப்போது ஒளிந்திருந்த ஓர் இளம் இத்தாலிய ராணுவ அதிகாரி 1944 மார்ச்சில் பனிக்குள் மயெல்லா மலையைக் கடந்து நேசநாடுகளின் பக்கம் போய்ச் சேர்ந்தார். கார்லோ அட்ஸெல்யோ ச்சாம்பி, 1999இல் இத்தாலியின் குடியரசுத் தலைவரானவர்.

நோன்னாவின் அம்மா தொழுவத்தில் வைத்திருந்தவர் யாரென்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. பேசினது யாருக்கும் புரியவில்லையாம். உருளைக்கிழங்கைத் தோலோடு கொடுப்பார்களாம். பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: தொழுவத்தில் யாரும் இல்லை. “அப்போது யாரிடமும் சொல்லக் கூடாது. இப்போது 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்” என்றார் நோன்னா, என் கையைத் தட்டிக்கொண்டே. அந்தப் போரில் நம்மவர்களும் அங்கே இருந்தார்கள். பக்கத்து அவெட்ஸானோ ஊர் முகாமில் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். சாங்க்ரோ ஆற்றங்கரைப் போர்க்கல்லறையில், எரியூட்டப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியப் படையினருக்கு நினைவிடம் இருக்கிறது. பள்ளியில் ஒருவரும் இதை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஒரு கிழவியின் சமையலறையில், சிக்கரிக் காபியின் எதிரில் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 1 இரவு சாப்பிட்டு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு ரொட்டி, ஒரு குவளைத் தண்ணீர், கொஞ்சம் ஒயின் வைத்தார்கள். ஜன்னலில் ஒரு சின்ன விளக்கு. இறந்தவர்கள் அன்றிரவு வீட்டுக்கு வருவார்கள் என்பது அப்ருட்ஸோவின் பழைய நம்பிக்கை. மகாளய அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும் வீட்டிலிருந்து வந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் ஊரே இருந்தது. துணியும் வாளியும் கொண்டுவந்து கல்லைக் கழுவி, பூ வைத்து, விளக்கேற்றி, பக்கத்துக் கல்லறைக் குடும்பத்தோடு நின்று பேசினார்கள். ஒவ்வொரு கல்லிலும் பீங்கானில் பதித்த முகம். என் செவ்வந்தித் தொட்டியை அப்பாதான் சுமந்துவந்தார். வைக்கும் நேரத்தில் என் கையில் கொடுத்தார்.

அங்கே ஒன்று சொல்ல வேண்டும்: புகைப்படம். ஸ்கான்னோ ஒளிப்படக் கலைஞர்களுக்குப் பேர்போன ஊர். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1951இல் வந்தார், மாரியோ ஜக்கொமெல்லி 1957இலும் 1959இலும் வந்தார். கறுப்பு உடைப் பெண்களுக்கு நடுவே நடந்துவரும் சிறுவனை ஜக்கொமெல்லி எடுத்த படம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிறகு கறுப்பு உடைக் கிழவிகளைத் தேடிக் கேமராவோடு வருகிறவர்கள் நிற்கவில்லை. அந்த உடையைத் தினமும் உடுத்துகிறவர்கள் நான் போனபோதே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயிருந்தார்கள். நோன்னாவின் பெரிய அக்கா அப்படி இருந்தவர். “நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம், அவர்கள் எங்களைப் படம் என்று நினைப்பார்கள்” என்றார் நோன்னா. பன்னிரண்டு நாளில் நான் கேட்காமல் ஒருவர் முகத்தையும் எடுக்கவில்லை. எடுத்தவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினேன்.

வீட்டுக்குள் சில சின்ன விஷயங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பது நமக்கு மரியாதை. அங்கே கல்தரை, நவம்பர் குளிர், என் வெறுங்காலைப் பார்த்து அம்மா பதறிப்போய்க் கம்பளிச் செருப்பு தேடி எடுத்துவந்தார். வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுபோய்விடுங்கள். தலைக்குக் குளித்து ஈரத்தோடு பால்கனிக்குப் போனேன், அடுத்த பதற்றம். காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும் என்பதை அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள், ‘கோல்போ தாரியா’ என்று அதற்கொரு பெயரே உண்டு. முடி உலர்த்தியைக் கையில் கொடுத்தார். நான் அதைப் போட, சமையலறையில் மின் அடுப்பும் ஓடிக்கொண்டிருக்க, வீடு முழுக்க மின்சாரம் போனது. இத்தாலிய வீடுகளுக்குப் பொதுவாக 3 கிலோவாட் இணைப்புதான். மின் அடுப்பும் முடி உலர்த்தியும், அல்லது துணி துவைக்கும் இயந்திரமும் மின்கெண்டியும் சேர்ந்தால் தாண்டிவிடும். மீட்டர் கீழே தெருவாசலில். அப்பா குளிரில் மூன்று மாடி இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அதன்பின் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் முதலில் ‘மின் அடுப்பு ஓடுகிறதா’ என்று கேட்டேன். நாமாகக் கேட்டால்தான் உண்டு, விருந்தாளியிடம் அவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

குப்பையும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் ஒரு வகை, மாற்றி வைத்தால் எடுக்கமாட்டார்கள், இரவு முழுக்க உணவுக் குப்பையை வெளியே விட்டால் காட்டு விலங்கு வரும். ஊர் தேசியப் பூங்காவின் எல்லையில் இருக்கிறது, மார்ஸிக்கக் கரடிகள் உலவும் இடம். மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை கடை மூடியிருக்கும், தெருவில் சத்தம் கூடாது.

முதல் மூன்று நாளும் தட்டைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கினார்கள். நான்காம் நாள் அப்பா விறகு இறக்கிக்கொண்டிருந்தபோது எதையும் கேட்காமல் போய் வரிசையில் நின்றேன். கையிலிருந்து கைக்கு விறகு வந்தது, நான் வாங்கி அடுக்கினேன். அன்று மாலை அம்மா என்னிடம் ‘நீங்கள்’ என்ற மரியாதைச் சொல்லை விட்டுவிட்டு ‘நீ’ என்று அழைக்கச் சொன்னார். என் நாக்கு கடைசிவரை பழகவில்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவள், தோழியின் அம்மாவை எப்படி நீ என்பது? ஆனால் மறுநாள் காலை கழுவின தட்டுகளைத் துடைக்கும் துணி என் தோளில் வந்து விழுந்தது.

மாலையில் ஊரே ஒரு நடை நடக்கும். முக்கியத் தெருவில் மேலும் கீழும். சுவரில் கறுப்புக் கட்டமிட்ட மரண அறிவிப்புகள் ஒட்டியிருக்கும், நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி போலவே. அவற்றின் முன் நின்று படிப்பார்கள், யார் வீடு என்று பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்த பெரியவர்கள் எந்த நாடு என்று கேட்கவில்லை. “நீ யாரைச் சேர்ந்தவள்?” என்றார்கள். யார் வீட்டுப் பெண் என்ற நம் கிராமத்துக் கேள்வியேதான். முதலில் என் பெயரையும் நாட்டையும் சொன்னேன், அது பதிலாகவில்லை. தோழி கற்றுத்தந்தாள்: அங்கே குடும்பங்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. ஒரே குடும்பப்பெயரில் பல வீடுகள் இருப்பதால் தாத்தா காலத்திலிருந்து வழங்கும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எந்த வீடு என்று தெரியும். எங்கள் தெருவில் வாழைக்காய் மண்டியார் வீடு, கணக்குப்பிள்ளை வீடு என்று சொல்வதைப்போல.

நவம்பர் 10 இரவு புனித மார்ட்டின் விழாவுக்கு முந்தின நாள். ஊரின் மூன்று பகுதியினரும் மலைச்சரிவில் மரக்கம்பங்களை உயர அடுக்கிக் கொளுத்தினார்கள். யாருடைய தீ உயரம் என்பதில் போட்டி. நோன்னா ஜன்னலிலிருந்து பார்த்தார், நானும் அவர் பக்கத்திலேயே நின்றேன். ஆய்வேட்டின் அத்தியாயம் பாதிதான் முடிந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஃபெரியாலே. அப்பா காரை எடுக்கப் போனார், நான் பேருந்திலேயே போகிறேன் என்றேன். பணம் கொடுக்க நினைக்கக்கூட இல்லை, அது அவமானம். கடைசி வாரக் காய்கறியும் ரொட்டியும் மட்டும் தினமும் காலையில் நானே போய் வாங்கிவந்தேன். அம்மா ஒரு பை கொடுத்தார்: பயறு, ஒரு பாட்டில் தக்காளிச் சாறு, காகிதத்தில் சுற்றிய பல்லோத்தே. அதில் குவான்ச்சாலே இல்லை என்று மூன்று முறை சொன்னார். என் பித்தளை வடிகட்டியையும் மிச்சக் காபித்தூளையும் நோன்னாவிடம் விட்டுவந்தேன்.

பேருந்தில் ஒரே ஓர் இருக்கைதான் காலி, அதிலும் ஒரு மூதாட்டியின் கூடை இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ யாரைச் சேர்ந்தவள்?” என்றார். அந்த வீட்டின் பட்டப்பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.